கம்பளி போர்த்திய கம்ப்யூட்டர்

புதுசு வேண்டாம் என்று சொன்னதற்காக எங்கள் வீட்டில் என்னைப் பைத்தியக்காரி மாதிரிப் பார்த்தார்கள். யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அண்ணன் கொழும்பிலிருந்து கையில் காசோடு வந்து நிற்கிறான். ஹட்டனுக்குப் போய்ப் புதுக் கம்ப்யூட்டர் வாங்குவோம் வா என்கிறான். இவள் என்னடாவென்றால் ஒரு ஓட்டைப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மாட்டேன் என்கிறாள். பார்த்தால் பார்க்கட்டும். நான் எதைக் கட்டிப்பிடித்திருந்தேன் என்று எனக்குத் தெரியும்.

இரண்டாயிரங்களின் நடுவில் நடந்தது இது. நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய லயத்தில், கடைசிக்கு முந்தின காம்பராவில் இருந்தோம். அப்பாவுக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. அம்மா மலையில் கொழுந்து எடுத்தார். நான் ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு, தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டேன். அண்ணன் கொழும்பில் ஒரு துணிக்கடையில் நின்றான். அந்தக் கடை முதலாளியின் மகன் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியபோது, தான் விளையாடிக் கழித்த பழைய கேம் கம்ப்யூட்டரை அண்ணனிடம் தள்ளிவிட்டான். அண்ணன் அதை வேனில் போட்டு ஊருக்கு அனுப்பினான். நான் டைப்பிங் பழகுவேனாம்.

டைப்பிங் பழகினேன், இல்லையென்று சொல்லவில்லை. இரண்டு வாரம் பழகினேன். அப்புறம் அதற்குள் அந்தப் பையன் விட்டுவிட்டுப் போயிருந்த கார் ரேஸைக் கண்டுபிடித்தேன். அவ்வளவுதான்.

அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தட்டு. உள்ளே சிவப்பாக ஒரு லைட் எரியும். போட்டவுடன் எங்கள் காம்பராவே சிவந்து போகும். அம்மா முதல் நாளே அதற்கு விபூதி பூசிவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "புது சாமி விளக்கா?" என்றார். இல்லை அக்கா, கார் ஓட்டுகிறேன் என்றேன். அவர் சிரித்த சிரிப்பு மறுநாள் கொழுந்து நிறுக்கும் இடம் வரைக்கும் போய்விட்டது. "பொம்பளப் புள்ள கம்ப்யூட்டர்ல காரு ஓட்டுதாம். இதை எவன்டி கட்டுவான்?" என்று அம்மாவிடமே கேட்டிருக்கிறார்கள். அம்மா வீட்டுக்கு வந்து என்மேல் எரிந்து விழுந்தார். நான் காரை நிறுத்தவில்லை.

ஏன் நிறுத்த வேண்டும்? காலையிலிருந்து பத்துப் பன்னிரண்டு குழந்தைகளுக்கு மூக்குத் துடைத்து, பால் கரைத்து, தூங்க வைத்துவிட்டு வருகிறேன். அம்மா மலையிலிருந்து இறங்கி வருவதற்கு முன் கொஞ்ச நேரம் இருக்கும். அந்தக் கொஞ்ச நேரம் எனக்குச் சொந்தம். கடைத்தெருவுக்குப் போனால்கூட "எங்க போற, யாரோட போற, எப்ப வருவ" என்று மூன்று கேள்வி கேட்கிற ஊர் அது. அந்தக் கார் ரேஸ் ரோட்டில் என்னை யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. நான் நன்றாக ஓட்டுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே நன்றாக ஓட்டுவேன்.

இரண்டு வருஷம் போனபிறகு பெட்டிக்கு உடம்பு சரியில்லாமல் போனது. ரேஸ் பாதியில் இருக்கும்போது உள்ளே காற்றாடி ஆவேசம் வந்ததுபோலக் கத்தும். படம் அப்படியே உறைந்துவிடும். பிறகு தானாக அணைந்து தானாக எரியும். முதலில் கரண்டைத் திட்டினோம். எங்கள் லயத்தில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் லைட் போட்டால் பல்பு சுருங்கிப்போகும், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அப்பா தேடிப் பிடித்து ஒரு வோல்டேஜ் பெட்டி கொண்டுவந்து வைத்தார். அப்போதும் அது கத்தியது. அதற்குப் பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரே முடிவுக்கு வந்தார்கள். பழசு. பழசுன்னா அப்படித்தான்.

தீபாவளிக்கு அண்ணன் வந்தான். பலகாரம் தின்ற கையோடு பெட்டியைப் போட்டுப் பார்த்தான். அது கத்தி முடித்து அணைந்ததும், "தூக்கிக் கடாசு. ஹட்டன்ல ஒரு முதலாளிக்கிட்ட பேசிட்டேன். பழசக் குடுத்தா கழிச்சுக்கிட்டுப் புதுசு தர்றேங்கிறாரு" என்றான்.

"பழசக் குடுத்துடணுமா?"

"பின்ன, ரெண்டையும் வச்சுக்கிட்டு கண்காட்சியா நடத்தப் போற?"

"இதுக்கு ஒரு விஜிஏ கார்டும் கொஞ்சம் ரேமும் போட்டா ஓடும் அண்ணே. நான் விசாரிச்சிட்டேன். எங்கிட்ட காசு இருக்கு."

"என்ன கார்டு?"

"கேம் படம் நல்லாத் தெரியிறதுக்கு."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவன் முகம் மாறியது. "இங்க பாரு புள்ள, புதுசுல கேம் கீம் ஒண்ணும் கெடையாது. படிக்கிறதுக்கு மட்டுந்தான். பாஸ்வேர்டு எங்கிட்ட இருக்கும். புதுசா எதை ஏத்தணும்னாலும் நான் வந்தாத்தான் ஏத்தலாம்" என்றான். அம்மா அடுப்படியிலிருந்து, "அப்பாடா, இப்பதான் ஒழுங்கா ஒரு வார்த்த சொன்ன" என்றார்.

அவர்கள் பேசிக்கொண்டிருந்தது கம்ப்யூட்டரைப் பற்றியே இல்லை. பழசு இருந்தால் அது என் கையில் இருக்கும், ஏனென்றால் வேறு யாருக்கும் அது வேண்டாம். புதுசு வந்தால் அதற்கு ஒரு பூட்டும் வரும், சாவி அண்ணன் பையில் இருக்கும். பழசையும் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். அந்தக் கொஞ்ச நேரம் அதோடு போய்விடும். இதை வாய்விட்டுச் சொன்னால் கேமுக்காக அழுகிறாள் என்பார்கள். ஆமாம், கேமுக்காகத்தான். என்ன இப்போது?

"எனக்குப் புதுசு வேணாம்" என்றேன். அப்பா கூடப் பேப்பரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

சரி, கடையில் போய்ப் பேசிக்கொள்வோம் என்று அண்ணன் சொன்னான். கடையில் எல்லோர் முன்னாலும் நான் வாயைத் திறக்கமாட்டேன் என்று நினைத்தான் போல. மறுநாள் பெட்டியை அம்மாவின் பழைய கம்பளியில் சுற்றி, குறுக்குப் பாதையில் இறங்கி, பஸ் ஏறினோம். முழு வழிக்கும் பெட்டி என் மடியில்தான் இருந்தது. அண்ணன் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினான், நான் கொடுக்கவில்லை.

அந்தக் கம்பளியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் பனியும் மழையும் மாறி மாறி அடிக்கும். சுவர் வியர்க்கும், துணி காயாது, தீப்பெட்டி நமத்துப்போகும். அந்தக் காலத்தில் கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் தலையிலிருந்து முதுகு வரைக்கும் கம்பளி போட்டுத்தான் மலையேறுவார்கள். மழைக்குப் போர்த்தும் பிளாஸ்டிக் ரெட்டு வந்தபிறகு கம்பளி வீட்டுக்குள் வந்துவிட்டது. வீட்டில் எது உசத்தியோ அதற்குக் கம்பளி. பச்சைக் குழந்தைக்குக் கம்பளி, ரேடியோவுக்குக் கம்பளி, டீவிக்குக் கம்பளி. எங்கள் வீட்டில் கம்ப்யூட்டருக்குக் கம்பளி. அணைத்த அடுத்த நிமிஷம், சூடு தணியும் முன்பே, அம்மா ஓடி வந்து போர்த்திவிடுவார். குளிர் நாட்களில் நான் விளையாடிக்கொண்டிருக்கும்போதே முதுகுப்பக்கம் ஒரு மடிப்புப் போட்டுவிட்டுப் போவார். நானும் அதை நல்லது என்றே நினைத்திருந்தேன்.

ஹட்டன் கடை நெரிசலான கடை. முதலாளி எங்களைப்போல இந்தியாவிலிருந்து வந்த வம்சம்தான், ஆனால் கடைத்தெருவில் கண்ணாடி அலுமாரி வைத்த வம்சம். அவர் அண்ணனோடு மட்டும் பேசினார். "வாங்க தம்பி, கேம் வெளையாடுறது நீங்களா?" என்றார். நான்தான் என்றேன். அவர் என் பக்கம் ஒரு தடவை திரும்பிவிட்டு, மறுபடியும் அண்ணனிடமே, "எத்தன வருசத்துப் பெட்டி தம்பி?" என்றார்.

பழசுக்கு என்ன கழிக்கலாம் என்று பார்ப்பதற்காக மூடியைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்ன தம்பி இது? உள்ளுக்கு ஆடு வளத்தீங்களா?"

காற்றாடியின் இதழ்களுக்குள்ளும் அதற்குக் கீழே இருந்த சூடு தணிக்கும் உலோகச் சீப்புக்குள்ளும் கம்பளி மயிர் அடைத்துக்கொண்டு கிடந்தது. கறுப்பும் சாம்பலுமாக, தலையணைப் பஞ்சு கணக்காக. காற்று உள்ளே போகவும் வழியில்லை, சூடு வெளியே வரவும் வழியில்லை. முதலாளி மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். சாமான் வாங்க வந்திருந்த ஒரு ஆபீஸ் சேர்ட் போட்ட மனிதர், "எஸ்டேட் ஆளுங்கதானே. இவங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், எனக்குக் கேட்கிற அளவு மெதுவாக.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் காது சிவந்ததைப் பார்த்தேன். எனக்கு வந்ததே ஒரு கோபம்!

"ஏங்க, எங்களுக்கு என்ன, கை இல்லையா, கண்ணு இல்லையா? எங்க ஊருப் பனியில ஒரு ராத்திரி வந்து படுத்துப் பாருங்க, நீங்களும் கம்பளி கேப்பீங்க" என்றேன். அந்த மனிதர் அலுமாரியில் எதையோ தேடத் தொடங்கினார். முதலாளியிடம் திரும்பி, "சிரிச்சு முடிச்சிட்டீங்களா முதலாளி? முடிச்சிட்டீங்கன்னா தள்ளுங்க" என்றேன்.

கொண்டை ஊசியைக் கழற்றி அந்த மயிரை நானே இழுத்தேன். சுருள் சுருளாக வந்தது. என் அம்மாவின் கம்பளி, எனக்கு அதில் என்ன வெட்கம்? மேசையில் ஒரு கைப்பிடி சேர்ந்தது. கடைப் பிரஷ்ஷை வாங்கி மிச்சத்தைத் தட்டினேன். "இப்பப் போட்டுப் பாருங்க" என்றேன்.

போட்டார். சிவப்பு லைட் எரிந்தது. காற்றாடி சத்தமில்லாமல் சுற்றியது. முதலாளி கார் ரேஸைத் திறந்தார், நான் ஓட்டினேன். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று. உறையவில்லை, கத்தவில்லை. கடையில் நின்ற ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆபீஸ் சேர்ட்டும் பார்த்தார்.

"ஓடுது, இல்லேங்கல" என்றார் முதலாளி. "ஆனாலும் பழசுதானே தங்கச்சி." முதல் தடவையாக என்னிடம் பேசினார்.

"பழசாவே இருக்கட்டும். ரேமும் விஜிஏ கார்டும் காட்டுங்க."

அண்ணன் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனான். தூறிக்கொண்டிருந்தது. கடை ஓரத்தில் ஒதுங்கி நின்றோம். அவன் கத்துவான் என்று நினைத்தேன், கத்தவில்லை.

"அந்தாளு சொன்னதக் கேட்டியா? அதுக்காகத்தான் சொல்றேன். நம்ம கையில எப்பவும் எவனோ கழிச்சதுதான். தோட்டத்துத் தொரை வீட்டுப் பழைய சுவெட்டர் போட்டுத்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். தாத்தா காலத்துல இருந்து அதே லயம். ஒழுகுதுன்னு சொன்னா ஒரு தகரத்த மாத்திட்டுப் போயிருவாங்க. மறுபடி ஒழுகும், மறுபடி ஒரு தகரம். தகரம் மாத்தி மாத்தியே நம்மள ஏமாத்திட்டாங்க. இப்ப நீயும் அதேதான பண்ணப் போற? புதுசா ஒண்ணு நம்ம வீட்டுக்குள்ள வந்தா என்னடி கொறஞ்சு போகும்?"

அவன் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. அந்தத் தகரக் கேள்விக்குப் பதில் அன்று என்னிடம் இல்லை. ஆனால் வேறொன்று இருந்தது.

"அண்ணே, புதுசு யாரோடது?"

"நம்மளோடது."

"பாஸ்வேர்டு யாருகிட்ட இருக்கும்?"

அவன் ரோட்டைப் பார்த்தான்.

"அப்ப அது உன்னோடது. நான் அதுக்குத் தூசி தட்டுவேன், அம்மா கம்பளி போத்துவாங்க. இந்தப் பழசு என்னோடது. எனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான். நான் காரு ஓட்டுனா உனக்கு என்ன அண்ணே நட்டம்? யார் குடியக் கெடுத்தேன்?"

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அதற்காகவும் எனக்குக் கோபம் வந்தது. பஸ் ஒன்று சேற்றைத் தெளித்துக்கொண்டு போனது. அண்ணன் சட்டையைத் துடைத்தான், ரொம்ப நேரம் துடைத்தான். பிறகு கடைக்குள் போய், "முதலாளி, தங்கச்சி கேக்கிறதக் காட்டுங்க" என்றான். தன் பணப்பையை எடுக்கப் போனான். என் காசில்தான் வாங்குவேன் என்றேன். அவன் வற்புறுத்தவில்லை.

நோர்வூட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அண்ணன் பெட்டிக்குக் கை நீட்டினான். இந்தத் தடவை கொடுத்தேன். ஏற்றம் முழுவதும் அவனே சுமந்தான்.

வீட்டில் அன்று பெரிய சண்டை அம்மாவோடுதான். பெட்டியை வைத்ததும் வைக்காததுமாகக் கம்பளியோடு வந்துவிட்டார். வேண்டாம் என்று மறித்தேன்.

"குளிரும்டி அதுக்கு."

"குளிரட்டும்மா. குளிர்ந்தாத்தான் அது ஓடும்."

"உசிரில்லாட்டியும் ஒரு சாமான்தானடி" என்று முணுமுணுத்துக்கொண்டே கம்பளியை மடித்தார். அவரால் அதைத் தாங்கவே முடியவில்லை. அன்றைக்கு நாலு தடவை வந்து பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

புதுக் கார்டில் ரேஸ் ரோட்டின் ஓரத்தில் மரங்கள் தெரிந்தன. அதுவரைக்கும் அங்கே மரம் இருந்ததே எனக்குத் தெரியாது. அண்ணன் முதலில் தள்ளி உட்கார்ந்து பார்த்தான். அப்புறம் பக்கத்தில் வந்தான். அப்புறம், "நவுரு, நான் ஒரு தடவ ஓட்டுறேன்" என்றான். மூன்று தடவை மரத்தில் முட்டினான். நான் சிரித்தேன். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. லீவு முடியும் வரைக்கும் ஆளுக்கொரு ஆட்டமாகப் போட்டி நடந்தது, ஒரு தடவையும் அவன் என்னை ஜெயிக்கவில்லை.

அவன் கொழும்புக்குப் புறப்பட வேண்டிய நாளுக்கு முதல் நாள் அடித்து ஊற்றியது மழை. காம்பராவில் மூன்று இடத்தில் ஒழுகியது. கம்ப்யூட்டர் இருந்த மூலையை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தில் வாளியும் சட்டியும் வைத்திருந்தோம். நானும் அண்ணனும் ஆட்டத்தில் இருந்தோம். அப்போது குடையோடு கணக்கப்பிள்ளை வந்தார். மலையில் வேலை வாங்குகிறவர், ஆபீசுக்கும் லயத்துக்கும் நடுவில் போய்வருகிறவர். எந்த வீட்டுக்குத் தகரம் மாற்ற வேண்டும் என்று பார்த்துக்கொண்டு வந்தாராம். வாசலில் நின்றபடியே அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"ரெண்டு தகரம் போட்டாப் போதும்" என்றார்.

அண்ணன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பினான். "தகரம் வேணாங்க ஐயா. வீடு வேணும்னு ஆபீசுல சொல்லுங்க" என்றான்.

அம்மா பதறிப்போய் அவனைப் பார்த்தார். கணக்கப்பிள்ளைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் கண் சிவப்பு லைட்டுக்குப் போனது. "சரியாப் போச்சு. கம்ப்யூட்டர் வாங்கி கேம் வெளையாடுறீங்க, வீடு மட்டும் தோட்டம் கட்டித் தரணுமோ?" என்று சிரித்தார்.

ஹட்டன் கடையில் சிவந்த அண்ணனின் காது மறுபடி சிவந்தது. அந்தத் தகரக் கேள்விக்கு என் பதில் அப்போதுதான் எனக்கு வந்தது. எழுந்து வாசலுக்குப் போனேன்.

"ஐயா, இந்தப் பெட்டி எங்களோடது. பழசுதான். கெட்டுப் போச்சு, நாங்களே சரி பண்ணிக்கிட்டோம். உங்ககிட்ட வந்து கேக்கல. இந்த லயம் எங்களோடது இல்லேன்னு நீங்கதான் சொல்றீங்க. ஒரு ஆணி அடிக்கிறதுன்னாலும் ஆபீசுல கேக்கணும்ங்கிறீங்க. அப்ப உங்களோடத நீங்க புதுசாக் கட்டிக் குடுங்க. எங்க பேருக்கு எழுதிக் குடுத்தீங்கன்னா, அதுக்கப்புறம் ஒழுகுறத நாங்க பாத்துக்கிறோம்."

கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "பொம்பளப் புள்ள பேசுற பேச்சா இது" என்றார்.

அம்மா நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து, அவர் காலுக்குப் பக்கத்தில் முற்றத்தில் ஊற்றினார். அவர் நகர்ந்து அடுத்த காம்பராவுக்குப் போனார்.

வாசலிலேயே நின்றேன். பின்னாலிருந்து அண்ணன் கூப்பிட்டான்.

"என்ன புள்ள நிக்கிற? வா, உன் ஆட்டம்."